ரத்தக்கட்டு என்று நான் எழுதிய ரிப்போர்ட்: தொடைக் கட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பில் வரும் தவறுகளில் முதலாவது என்னுடையது. டெல்டா பகுதியில் ஒரு சிறிய ஊரின் ஸ்கேன் சென்டரில் கதிரியக்க மருத்துவராக இருக்கிறேன். நாளொன்றுக்கு 50, 60 அல்ட்ராசவுண்ட் பார்ப்போம். பாதிக்கு மேல் கர்ப்பிணிகள். மிச்சம் வயிறு, கழுத்து, கை கால். பின்னால் சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்று) என்று உறுதியான கட்டி என் கைக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிகம். சம்பந்தப்பட்ட இளைஞர் இதை எழுதச் சம்மதித்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். படங்களில் கண்டதை மாற்றவில்லை.

பின்னணி

வயது 20களில். கபடி ஆடுபவர். பொங்கலை ஒட்டி நடந்த ஊர்ப் போட்டியில் ரைடு போனவரை மூன்று பேர் சேர்ந்து அமுக்கியதில் வலது முழங்கால் மடங்கி விழுந்தார். நடக்க முடிந்தது. இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் முழங்காலுக்குப் பின்னால், சற்று மேலே, உள்பக்கமாக ஒரு கட்டி மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. 12 நாள் கழித்து உள்ளூர் மருத்துவர் ஒருவர் சீட்டு எழுதி எங்களிடம் அனுப்பினார். சீட்டில் இருந்தது ஒரே வரி: ‘கபடியில் அடி, ரத்தக்கட்டா?’

அன்று ஸ்கேனில் பார்த்தது: ஆழத்தசைக்குள் 3.9 × 2.6 × 2.2 செ.மீ. அளவில் முட்டை வடிவக் கட்டி. விளிம்பு சீராக இருந்தது. உள்ளே கறுப்பு, இடையிடையே மங்கலான சாம்பல். கட்டிக்குப் பின்னால் படம் வெளுத்துத் தெரிந்தது. திரவம் இருக்கும் இடத்துக்குப் பின்னால் இப்படித்தான் வெளுக்கும் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். செல்கள் நெருக்கமாக, ஒரே சீராக அடுக்கியிருக்கும் திடக் கட்டிக்குப் பின்னாலும் அதே மாதிரி வெளுக்கும் என்பதையும் சொல்லிக் கொடுப்பார்கள்தான். அது நினைவுக்கு வர ஒரு தேவை ஏற்பட வேண்டும். சீட்டு அந்தத் தேவையை எடுத்துவிட்டிருந்தது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் போட்டேன். ஒரு புள்ளிகூட நிறம் வரவில்லை. ‘தசைக்குள் ரத்தக்கட்டு, கரைந்துகொண்டிருக்கிறது’ என்று டைப் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

மீண்டும் எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை.

இடைப்பட்ட ஐந்து மாதம்

இந்தக் காலத்தில் நடந்ததை அவர் பின்னால் சொன்னபடி எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்தும் கட்டி கரையவில்லை. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள். பழைய ரத்தம் 4 மி.லி. போல வந்தது. ரத்தம் வந்ததால் ரத்தக்கட்டு என்பது எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது, எங்கள் ரிப்போர்ட்டும் கையில் இருந்தது. உள்ளே ரத்தம் கசிந்து தேங்குவது சார்கோமாக்கள் சிலவற்றின் வழக்கம். ஊசியில் ரத்தம் வருவது எதையும் நிரூபிக்காது.

பிறகு பக்கத்து ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிவிட்டுக்கொண்டார். கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்ததாம். சித்திரையில் மறுபடி ஆடினார். ஆனி மாதம் இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தது. கட்டி பார்வைக்கே தெரிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். கட்டி இருக்கும் இடத்தில் ரவை தூவினாற்போலச் சில சுண்ணாம்புப் புள்ளிகள். அடிபட்ட தசை எலும்பாக மாறும் மயோசைடிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று நினைத்தார். நியாயமான நினைப்புதான்: அடிபட்டது உண்மை, சுண்ணாம்பு படிந்ததும் உண்மை. கட்டியைத் திறந்து வழித்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார். தோலில் இடம் குறித்துத் தரும்படி மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார். சீட்டில் இப்போது ‘நாள்பட்ட ரத்தக்கட்டு, சுண்ணாம்பு படிந்தது, அறுவைக்கு முன் குறிக்கவும்’.

இரண்டாவது ஸ்கேன்: என்ன கண்டோம்

அன்று மாலை கூட்டம் குறைவு. இதைச் சொல்லக் காரணம், அன்று எனக்குப் புத்தி வந்ததில் நேரத்துக்கும் பங்கு இருந்தது என்பதுதான்.

ஸ்கேன் கருவியின் புரோபைத் தோலில் வைப்பதற்கு முன்பே பழைய படங்களைத் திறந்தேன். அன்று 3.9, இன்று அளந்தால் 6.4 செ.மீ. ரத்தக்கட்டு ஆறு வாரத்தில் சுருங்க ஆரம்பித்திருக்க வேண்டும். ரத்தம் நீர்க்கச் செய்யும் மாத்திரை எதுவும் இவர் சாப்பிடவில்லை. ரத்த உறைவுக் கோளாறும் கிடையாது. பிறகு ஏன் ஐந்து மாதத்தில் வளர வேண்டும்?

டாப்ளரை மறுபடி போட்டேன். இந்த முறை ஜெல்லை நிறைய வைத்து, புரோபைத் தோலில் பட்டும் படாமல் பிடித்து, மெதுவான ஓட்டமும் தெரியும்படி வேக அளவைக் கீழே இறக்கினேன். கட்டியின் ஒரு ஓரத்தில், திடமாகத் தெரிந்த பகுதிக்குள், கிளை கிளையாக ரத்தக் குழாய்கள் எழுந்தன. உறைந்த ரத்தத்துக்குள் ரத்தம் ஓடாது.

அப்படியானால் முதல் முறை ஏன் தெரியவில்லை? பழைய டாப்ளர் படத்தை அன்றிரவே எடுத்துப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் இருக்கும் வேகக் கோடு விநாடிக்கு 40 செ.மீ.க்கு மேல் நின்றது. அதற்கு முன் பார்த்தது ஒரு பெரியவரின் கழுத்துத் தமனி. அந்த அமைப்பை மாற்றாமலே காலுக்கு வந்திருக்கிறேன். கட்டிக்குள் ஓடும் மெல்லிய ரத்தத்தைப் பார்க்க அந்த அளவு ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது விஷயம் அதைவிடச் சங்கடமானது. அதே படத்தில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு, டாப்ளர் போடாத படத்தில் இருந்ததைவிடப் பாதி தடிமன்தான் இருந்தது. அதாவது அழுத்திப் பிடித்திருக்கிறேன். மென்மையான குழாய்கள் அழுத்தத்தில் நசுங்கிவிடும். ரத்த ஓட்டம் இல்லை என்று நான் எழுதியது, என் கை தடுத்த ஓட்டத்தை.

எக்ஸ்ரேயையும் மறுபடி பார்த்தோம். மயோசைடிஸ் ஆசிஃபிகன்ஸில் சுண்ணாம்பு வெளி ஓரத்திலிருந்து தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முட்டை ஓடு போலச் சுற்றிக் கட்டிக்கொள்ளும், நடுப்பகுதி தெளிவாக இருக்கும். ஐந்து மாதத்தில் அந்த ஓடு முழுமையாகி இருக்க வேண்டும். இங்கே ஓடே கிடையாது. ஒரு பக்கமாக மட்டும் பொடிப்புள்ளிகள். சைனோவியல் சார்கோமா என்ற வகையில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு எக்ஸ்ரேயில் இப்படிச் சுண்ணாம்பு தெரியும், பெரும்பாலும் ஓரமாகத்தான்.

பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “தம்பி, விழறதுக்கு முன்னாடி அங்க ஏதாவது இருந்துச்சா?”

“இல்ல சார்” என்றார். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே யோசித்தவர், “நீ-கேப் போடும்போது வலது கால்ல மட்டும் பின்னாடி இறுக்கமா இருக்கும் சார். தீபாவளி சமயத்துலேர்ந்து. ஏதோ நெல்லிக்காய் மாதிரி நெருடும். தசை பிடிச்சிருக்குன்னு விட்டுட்டேன்” என்றார்.

அடி கட்டியை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் கவனிக்க வைத்தது. மென்திசுப் புற்று கண்டவர்களிடம் கேட்டால் பலரும் ஏதோ ஒரு அடியைச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அடிபட்ட இடத்தைத்தான் மனிதர் தடவிப் பார்ப்பார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: தோலில் குறி போட மறுத்தேன். எலும்பு டாக்டரைப் போனில் அழைத்தேன். வயதில் என்னைவிட மூத்தவர்.

“சார், இது ரத்தக்கட்டு மாதிரி இல்ல. உள்ள ரத்த ஓட்டம் இருக்கு. எம்.ஆர்.ஐ. பாக்காம கத்தி வைக்க வேண்டாம்.”

“நீங்கதானே சார் ஜனவரியில ரத்தக்கட்டுன்னு குடுத்தீங்க?”

“ஆமா சார், நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, எடுத்துட்டுச் சொல்லுங்க. தேதிய நான் கேன்சல் பண்ணிக்கறேன்” என்றார். இதில் அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். சார்கோமா என்று தெரியாமல் கட்டியை வழித்தெடுத்தால் ரத்தத்தோடு புற்றுச் செல்களும் அந்தத் தசைக்கூடு (ஒரே உறைக்குள் இருக்கும் தசைத் தொகுதி) முழுக்கச் சிதறும். இப்படி எடுத்தவர்களுக்கு மறுபடி அறுவை செய்து பார்க்கும்போது, கணிசமானவர்களிடம் மிச்சக் கட்டி கிடைக்கிறது. காலைக் காப்பாற்றுவதும் அப்போது கடினமாகிவிடுகிறது.

இரண்டாவது: எம்.ஆர்.ஐ. எப்படி எடுப்பது. சாதாரணமாக முழங்காலுக்கு எடுக்கும் சிறிய பரப்பு போதாது. தொடை நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை எடுத்தோம். அதே தசையில் தள்ளி இன்னொரு முடிச்சு இருந்தால் தெரிய வேண்டும். எங்கள் டெக்னீஷியன் இரண்டு மீன் எண்ணெய் மாத்திரைகளைத் தோலில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். ஒன்று கட்டியின் மேல். இன்னொன்று, கிளினிக்கில் ஊசி குத்திய இடத்தில், சின்ன வெளிர்த் தழும்பின் மேல். அந்த இரண்டாவது மாத்திரை அவருடைய யோசனை. ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், அந்த வழி எங்கே என்று பின்னால் அறுவை செய்பவருக்கும் கதிர்வீச்சு கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும். தழும்பு மறைந்துவிடும், படம் மறையாது.

படத்தில் திசுவை வெளுத்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசிக்குத் தனிக் கட்டணம். “அந்த மருந்து இல்லாம எடுக்க முடியாதா சார்?” என்று அம்மா கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பல மூட்டு எம்.ஆர்.ஐ.களுக்கு அது தேவைப்படாது. இங்கே ரத்தமா, கட்டியா என்பதே கேள்வி. மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் பகுதிதான் உயிருள்ள திசு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டுக் கொடுத்தோம்.

எம்.ஆர்.ஐ. காட்டியது

நீளவாக்கில் 6.8 செ.மீ. டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் இரண்டு வகைப் படங்கள். டி1 படத்தில் தசையின் நிறம், நடுவில் வெள்ளைத் திட்டுகள், அவை ரத்தம். டி2 படத்தில் மூன்று நிறம் ஒரே கட்டிக்குள்: வெள்ளையாகத் திரவம், சாம்பலாகத் திடப்பகுதி, கறுப்பாகப் பழைய ரத்தக்கறையும் சுண்ணாம்பும். இரண்டு இடத்தில் திரவம் மேலும் கீழுமாகப் பிரிந்து, தேங்காயெண்ணெயும் தண்ணீரும் போல மட்டக்கோடு விழுந்திருந்தது. இந்த மூன்று நிறக் கலவை சைனோவியல் சார்கோமாவில் அடிக்கடி வருவதாகப் பாடநூல்கள் சொல்லும். ஆனால் அதற்கு மட்டுமே உரியதல்ல. பழைய ரத்தக்கட்டும் இந்த வேடம் போடும்.

சிக்கல் கான்ட்ராஸ்டில் வந்தது. ரத்தம் டி1 படத்தில் தானாகவே வெள்ளை. மருந்து ஏறிய திசுவும் வெள்ளை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் ஏமாறும். அதற்குத்தான் சப்ட்ராக்ஷன்: மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்ததைக் கழித்துவிடுவது. ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது கறுத்துப்போகும், புதிதாக வெளுத்தது மட்டும் மிஞ்சும். முதல் கழித்தலில் கட்டியின் ஓரமெல்லாம் இரட்டைக்கோடு விழுந்தது. நடுவில் கால் அசைந்திருக்கிறது. மணல் மூட்டை வைத்துக் காலை நிறுத்தி மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை தெளிவாக வந்தது: பின் சுவரில் 3 செ.மீ.க்கு மேல் அளவுள்ள ஒரு திடக்கட்டி விளக்குப் போல ஒளிர்ந்தது. சுவர் ஓரமாக இன்னும் இரண்டு சிறிய முடிச்சுகள்.

காலுக்குப் போகும் பெரிய தமனியையும் பெரிய நரம்பையும் கட்டி தொட்டுக்கொண்டிருந்தது, சுற்றி வளைக்கவில்லை. தொடும் பரப்பு சுற்றளவில் பாதிக்கும் குறைவு. எலும்பு சுத்தம்.

‘ரத்தக்கசிவுள்ள மென்திசுக் கட்டி. சார்கோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சார்கோமா சிகிச்சை தரும் மையத்தில் பயாப்ஸி செய்யவும். இங்கே அறுவையோ பயாப்ஸியோ வேண்டாம்’ என்று ரிப்போர்ட் எழுதினேன். ஜனவரி ரிப்போர்ட் தவறு என்பதையும் அதன் அளவுகளோடு அதே தாளில் சேர்த்தேன். சேர்க்க வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பயாப்ஸியை, அதாவது சோதனைக்குத் திசு எடுப்பதை, நாங்களே செய்திருக்கலாம். ஊசியும் கருவியும் இருக்கின்றன. செய்யாததற்குக் காரணம் உண்டு. பயாப்ஸி ஊசி நுழையும் பாதையைப் பின்னால் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வெட்டு எங்கே விழும் என்று அறுவை செய்யப்போகிறவருக்குத்தான் தெரியும். நான் வசதியான பக்கமாகக் குத்தி, இன்னொரு தசைக்கூட்டுக்குள் போய்விட்டால் அதையும் சேர்த்து அவர் இழக்க வேண்டும்.

பெரிய மையத்தில்

அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் சேர்க்கை தாமதமாகவில்லை. அறுவை மருத்துவர் தோலில் பேனாவால் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேலேயே கதிரியக்க மருத்துவர் 14 கேஜ் ஊசியால் ஐந்து துண்டு எடுத்தார். சப்ட்ராக்ஷனில் ஒளிர்ந்த திடப்பகுதியிலிருந்து எடுத்தார்கள். திரவத்தில் குத்தியிருந்தால் மறுபடி ரத்தம்தான் வந்திருக்கும்.

முடிவு 17 நாளில் வந்தது. நூற்கும் கதிர் போல நீண்ட செல்களாலான சைனோவியல் சார்கோமா. இந்த நோயில் பெரும்பாலும் காணப்படும் டிஎல்இ1 புரதத்துக்கான சாயம் பிடித்தது. எஸ்எஸ்18 மரபணு உடைந்திருப்பது தனிச் சோதனையில் உறுதியானது. எக்ஸ் குரோமோசோமும் 18ஆவது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வரும் உடைவு அது. இந்த நோயில் ஏறக்குறைய எல்லோரிடமும் காணலாம். பெயரைப் பார்த்து மூட்டுச் சவ்விலிருந்து வருவது என்று நினைக்கக் கூடாது. நுண்ணோக்கியில் சவ்வுபோல் இருந்ததால் பழைய காலத்தில் வைத்த பெயர். மூட்டுக்கு அருகில் வரும். மூட்டுக்குள் வருவது அரிது. எலும்பு டாக்டரும் நானும் இதை எங்கள் படிப்புக் காலத்தில் தப்பாகவே புரிந்துவைத்திருந்தோம் என்று பிறகு பேசிக்கொண்டோம்.

மார்பு சி.டி.யில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இரண்டு புள்ளிகள், 3 மி.மீ., 4 மி.மீ. இந்த நோய் முதலில் போகும் இடம் நுரையீரல். நம் ஊரில் காசநோய்த் தழும்பும் அதே அளவில், அதே இடத்தில் இருக்கலாம். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுவை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று, புற்றுநோய் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் டியூமர் போர்டில் பேச்சு வந்தது. 4 மி.மீ. புள்ளியைப் பெட் தெளிவாகச் சொல்லாது. ஒளிராவிட்டால் நிம்மதி அடைய முடியாது, ஒளிர்ந்தால் காசநோயும் ஒளிரும். எடுக்க வேண்டாம், காலுக்கான சிகிச்சையைத் தொடங்கி, புள்ளிகளைச் சி.டி.யிலேயே பின்தொடர்வோம் என்று முடிவானது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: “கால எடுத்துருவீங்களா?” உடன் வந்த தாய்மாமா அதற்கு மேல் எதையும் கேட்க விடவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1982இல் வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்கான பழைய பதில்: 43 பேரில் சிலருக்குக் கால் கையை நீக்கினார்கள், மற்றவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், உயிர் பிழைப்பதில் வேறுபாடு தெரியவில்லை. தமனியும் நரம்பும் சுற்றி வளைக்கப்படாததால் இவருக்கும் காலை வைத்துக்கொண்டே சிகிச்சை என்று முடிவானது.

முதலில் கீமோ: டாக்சோரூபிசினும் ஐஃபாஸ்ஃபமைடும் சேர்த்து மூன்று சுற்று. தொடங்கும் முன் விந்து சேமித்துவைக்கும் யோசனையை அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் தனியே அழைத்துச் சொன்னார். அவசரத்தில் பல இடங்களில் விட்டுப்போகும் வேலை இது. பிறகு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு, 25 தவணையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). முன்னால் கொடுத்தால் புண் ஆறுவதில் தொல்லை கூடும். 2002இல் வெளிவந்த கனடாச் சோதனையில், முன்னால் கொடுத்தவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் பின்னால் கொடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் புண் சிக்கல் வந்தது. ஆனால் முன்னால் கொடுக்கும் அளவு குறைவு, பரப்பும் சிறியது. பிற்காலத்தில் கால் விறைத்துப்போவதும் குறையும். முழங்காலை ஒட்டிய கட்டி, மடக்க வேண்டிய கால். அதனால் முன்னால். கதிர்வீச்சின் பரப்புக்குள் அந்த இரண்டாவது மாத்திரை காட்டிய ஊசி வழியும் சேர்க்கப்பட்டது.

தொடர்ந்து நடந்தது

கதிர்வீச்சு முடிந்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி 7.1 செ.மீ. முன்பு 6.8. ரிப்போர்ட்டைத் தாய்மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இவ்வளவு கஷ்டப்பட்டும் பெருசாயிருச்சே சார்” என்று கேட்டிருந்தார். சார்கோமாவில் நீள அகலம் பொய் சொல்லும். சிகிச்சையில் செல்கள் சாகும்போது உள்ளே ரத்தம் கசிந்து கட்டி உப்பும். படத்தைப் பார்த்தேன்: ஒளிர்ந்துகொண்டிருந்த திடப்பகுதி பெரும்பாலும் அணைந்து, ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று மட்டும் மிச்சம். அதைத்தான் அவருக்கு விளக்கினேன். ஐந்து வாரம் கழித்து அறுவையில் எடுத்த கட்டியில் உயிருள்ள புற்று ஏறக்குறைய 15 விழுக்காடு. விளிம்புகள் சுத்தம், தமனி உறையை ஒட்டிய பக்கத்தில் மட்டும் இடைவெளி 2 மி.மீ. நரம்பு தப்பியது. புண் பிரிந்து, ஆற ஏழு வாரம் ஆனது. இன்றும் உள்ளங்காலில் ஒரு பக்கம் மரத்திருக்கிறது.

நுரையீரல் புள்ளிகள் கீமோ முடிந்தபோது மாறாமல் இருந்தன. குடும்பம் மகிழ்ந்தது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மாறாமல் இருப்பது சான்றாகாது என்பதால் டியூமர் போர்டு மகிழவில்லை. ஓராண்டில் ஒன்று முழுச் சுண்ணாம்பானது, மற்றது இரண்டாண்டிலும் அப்படியே இருந்தது. இரண்டும் பழைய தழும்பு என்று அப்போதுதான் முடிவுக்கு வந்தார்கள்.

26ஆவது மாதச் சி.டி.யில், இடது நுரையீரலில், முன்பு எதுவுமே இல்லாத இடத்தில் 6 மி.மீ. புள்ளி. எட்டு வாரத்தில் 10 மி.மீ. இந்த முறை பெட் எடுத்தார்கள், கேள்வி வேறு என்பதால்: உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா? இல்லை. சிறு துளை வழியே அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சைனோவியல் சார்கோமாதான். அதன்பின் 14 மாதமாகப் புதிதாக எதுவும் இல்லை. இந்த நோய் ஐந்து, பத்து ஆண்டு கழித்தும் திரும்பும் என்பதால் சி.டி. தொடர்கிறது.

எதைச் செய்திருக்க வேண்டும், எதை மாற்றினோம்

ஜனவரியிலேயே கண்டிருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்காதா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் விரும்பவில்லை. என் படங்களில் அளக்க முடிந்ததை மட்டும் சொல்கிறேன். ஜனவரியில் கட்டி 5 செ.மீ.க்குக் கீழ், புற்று எவ்வளவு முற்றியது என்று சொல்லும் நிலைப்பகுப்பில் இரண்டாம் நிலை. ஜூனில் அந்தக் கோட்டைத் தாண்டி மூன்றாம் நிலை. ஜனவரிப் படத்தில் கட்டிக்கும் தமனிக்கும் நடுவே 1 செ.மீ. போலத் தசை இருந்தது. ஜூனில் எதுவும் இல்லை.

பிரிட்டனில் 2015 முதல் உள்ள வழிகாட்டி, காரணம் தெரியாமல் வளரும் கட்டிக்கு இரண்டு வாரத்துக்குள் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறது. நம் ஊரில் ஸ்கேன் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. இவருக்கும் கிடைத்தது. வேகமாகக் கிடைத்த அந்தத் தாள்தான் ஐந்து மாதம் எல்லோர் வாயையும் அடைத்தது. கிளினிக் மருத்துவர், உருவிவிட்டவர், எலும்பு டாக்டர் எல்லோரும் பார்த்தது கட்டியை மட்டுமல்ல, என் ஒரு வரியையும்தான்.

அதனால் முதலில் வரியை மாற்றினோம். தசைக்குள் ரத்தக்கட்டு என்று இப்போது மொட்டையாக எழுதுவதில்லை. ‘ரத்தக்கட்டாக இருக்கலாம், ஆறு வாரத்தில் சுருங்கியிருக்க வேண்டும், சுருங்காவிட்டாலோ வளர்ந்தாலோ கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. தேவை, அதற்கு முன் ஊசி போட்டு உறிஞ்ச வேண்டாம்’ என்று மூன்று திசையிலும் அளவோடு எழுதுகிறோம். சில மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நோயாளியைப் பயமுறுத்துவதாக ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

டாப்ளருக்கு மெஷினில் தனியாக ஒரு அமைப்பைச் சேமித்து ‘கட்டி’ என்று பெயர் வைத்தோம். வேக அளவு தானாகவே கீழே வந்துவிடும். அழுத்தம் மெஷினுக்குத் தெரியாது; அது கையில்தான் இருக்கிறது. எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் அந்தப் பழைய படத்தைக் காட்டி, என்ன தவறு என்று கேட்பேன். வேகக் கோட்டைச் சிலர் கண்டுபிடிக்கிறார்கள். நசுங்கிய கொழுப்பை இதுவரை ஒருவர்தான் சொன்னார்.

சீட்டைக் கடைசியில் படிக்கலாமா என்றும் முயன்றேன். முதலில் கட்டியைப் பார்த்து, அளந்து, திடமா திரவமா என்று சொல்லிவிட்டு, பிறகு சீட்டைப் பிரிப்பது. கூட்டம் உள்ள நாளில் இது நிற்கவில்லை. விழுவதற்கு முன் அங்கே ஏதாவது இருந்ததா என்ற கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது. வரவேற்பில் உள்ள பெண்ணே படிவத்தில் எழுதி அனுப்புகிறார்.

அவரிடம் ஒரு நோட்டும் இருக்கிறது. ரத்தக்கட்டு என்று ரிப்போர்ட் போன எல்லோருடைய எண்ணும் அதில் இருக்கும். ஆறு வாரம் ஆனதும் கூப்பிடுவார். மறு ஸ்கேனுக்குக் கட்டணம் இல்லை. பாதிப் பேர் வருகிறார்கள். மீதிப் பேர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “இப்பதான் வலி இல்லையே மேடம், எதுக்கு வரணும்?”